அலுவல் ஒழுங்கும் கணினியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இப்பேரவையின் முன் சில சொற்கள் பேசுமாறு நமது சங்கத்துச் செயலாளர் எம்மைப் பணித்தனர். எடுத்துக்கொள்ளும் பொருள் கல்வி, ஒற்றுமை, சிக்கனம் என்பவற்றுள் ஒன்றாயிருக்கும் என்று உங்களிற் பலர் எண்ணி வந்திருத்தல் கூடும். யாம் பேசப்புகுவதோ கணினியைப் பற்றி. அதிலும், கடையிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் ஒரு காரியம் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் செல்லும் முறையை வகுத்து நடத்துகின்ற மென்பொருளைப் பற்றி. இஃது இச்சபைக்கு ஏற்ற பொருள்தானா என ஐயுறுவார்க்கு எமது விடை இரண்டு.

முதலாவது, நம்மவரிற் பலர் இன்று இத்தகைய மென்பொருளை விலை கொடுத்து வாங்கித் தம் தொழிலகங்களில் வைத்திருக்கின்றனர். நம் பிள்ளைகளிற் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் அதனைச் செய்து பிழைக்கின்றனர். இரண்டாவது, நமது சங்கத்தின் கல்வி உதவி நிதிக்கு வரும் மனுக்களையெல்லாம் வருகிற ஆண்டு முதல் கணினி வழியே ஏற்று, ஆராய்ந்து, முடிவு சொல்லும் முறையொன்றை ஏற்படுத்த நிர்வாகக் கமிட்டியார் கருதியுள்ளனர். நம் குலத்து ஏழைப் பிள்ளை ஒருவன் கல்லூரிக்குப் போவதும் போகாதிருப்பதும் நாளை அந்த இயந்திரம் காட்டும் ஒரு வரியைப் பொறுத்ததாகலாம். ஆதலின் இது நம் எல்லாருடைய காரியமுமாகும்.

யாம் சொல்லவந்தது ஒன்றே. அலுவலை ஒழுங்குபடுத்தும் இயந்திரத்தில், "இதற்கு நான் உடன்படவில்லை" என்று எளியவன் ஒருவன் சொல்லுதற்கு இடம் வேண்டும். அச்சொல்லைக் கேட்டு விடை கூறுதற்குப் பெயர் தெரிந்த மனிதன் ஒருவன் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஒழுங்கு, ஒழுங்கு அன்று. ஏனைய நல்விதிகள் யாவும் இவ்வொன்றைச் சுற்றி நிற்பனவே.

இது யாது?

நம் கிட்டங்கி ஒன்றில் நடப்பதை நினைமின். சரக்கு வேண்டுமென்று ஒருவர் எழுதுகிறார். முதலாளி ஒப்புகிறார். விற்பவருக்கு ஆர்டர் போகிறது. லாரியில் சரக்கு வருகிறது. கிட்டங்கிக்காரர் எண்ணி இறக்குகிறார். பின்பு பில் வருகிறது. கணக்குப்பிள்ளை ஆர்டரையும் வரவையும் பில்லையும் ஒத்துப் பார்த்துப் பணம் கொடுக்கச் சொல்கிறார். இதனிடையே ஐந்தாறு கை மாறுகிறது. எந்தக் காகிதம் எவர் மேசையில் தங்கிற்று என்பது முற்காலத்தில் கணக்குப்பிள்ளையின் நினைவில் இருந்தது. அவர் காய்ச்சலாய்ப் படுத்தால் தொழிலும் உடன் படுத்தது.

இந்தக் கைமாற்றத்தையே கணினியில் எழுதிவைத்து, அடுத்தவர் யார் என்று அதுவே அறிந்து அனுப்பி, தாமதித்தவருக்கு நினைவூட்டி, எவர் எப்பொழுது என்ன செய்தார் என்று பதிந்து வைப்பதே யாம் குறித்த மென்பொருள். இதனை எழுதிக் காட்டுதற்கு உலகப் பொதுவான படமொழி ஒன்றும் உண்டு. தொடக்கமும் முடிவும் வட்டம். செய்யும் வேலை முனை மழுங்கிய கட்டம். இரண்டில் ஒரு வழி தெரிந்தெடுக்க வேண்டிய இடம் சாய்சதுரம். பி.பி.எம்.என். என்னும் இக்குறியீடு 2004-ஆம் ஆண்டில் வெளியாகி, 2011-இல் அதன் இரண்டாம் வடிவம் பெற்று, 2013-இல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இத்தகைய மென்பொருளைச் செய்து உலகெங்கும் விற்கின்ற கிஸ்ஃப்ளோ, ஜோஹோ போன்ற நிறுவனங்கள் நமது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை என்பது நமக்குப் பெருமை தருவதாம். ஆயினும் படம் வரைதல் எளிது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நடப்பதை முதலில் அறிதல்

முதற் கடமை, வேலை இப்பொழுது எவ்வாறு நடக்கிறது என்பதைச் சென்று காணுதல். முதலாளியைக் கேட்டால் நடக்கவேண்டியதைச் சொல்வார். மானேஜரைக் கேட்டால் நடப்பதாகத் தாம் நம்புவதைச் சொல்வார். சரக்கு இறக்குமிடத்தில் நிற்பவரைக் கேட்டால்தான் நடப்பது தெரியும். ஆர்டரில் மூட்டைக் கணக்கும் பில்லில் கிலோக் கணக்கும் இருத்தலால் மாதந்தோறும் தகராறு வருகிறதென்பதை அவர் அறிவார். கணினி எழுதவரும் இளைஞர் அறியார்.

இங்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் தகும். 1980-களின் தொடக்கத்தில் போர்டு மோட்டார் கம்பெனியின் வட அமெரிக்கப் பகுதியில், சரக்கு விற்றவர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500-க்கு மேற்பட்டோர் இருந்தனர். கணினியைப் புகுத்தி இவர்களை 400 பேராகக் குறைக்கலாம் என்று முதலில் கணக்கிட்டனர். அப்பொழுது போர்டுக்குப் பங்குரிமை இருந்த ஜப்பானிய மாஸ்டா கம்பெனியைப் பார்த்தபோது, அதே வேலையை அங்கே 5 பேர் செய்து வந்தனர். மாஸ்டா சிறிய கம்பெனியே; அந்த அளவு வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தும், போர்டில் ஆள் பன்மடங்கு மிகுந்தே இருந்தது.

காரணம் ஆராய்ந்தனர். ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் என்னும் மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்திருத்தல் வேண்டும்; ஒவ்வாதவற்றைத் துருவி ஆராய்வதிலேயே அத்தனை பேரின் காலமும் கழிந்தது. பின்னர் முறையையே மாற்றினர். ஆர்டர் போடும்போதே கணினியிற் பதிந்தனர். சரக்கு வந்து இறங்குமிடத்திலேயே அப்பதிவை எடுத்துப் பார்த்து, ஒத்திருந்தால் ஏற்று, ஒவ்வாவிடில் அங்கேயே திருப்பி அனுப்பினர். பில் என்பதே வேண்டாததாயிற்று; ஒத்துப் பார்க்கவேண்டியவை மூன்றே விவரங்களாயின. ஆட்கள் நூற்றுக்கு 75 பங்கு குறைந்தனர். இதனை மைக்கேல் ஹாம்மர் என்னும் அறிஞர் 1990-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ என்னும் இதழில் எழுதினார்.

ஆட்குறைப்பை யாம் கொண்டாடுகின்றோம் அல்லேம். அந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் வேறு. வேண்டாத வேலையைக் கணினியில் ஏற்றினால், வேண்டாத வேலை விரைவாக நடக்கும், அவ்வளவே. எனவே ஒவ்வொரு படியையும் நோக்கி, "இப்படி இல்லாவிட்டால் எவருக்கு என்ன கேடு?" என்று கேட்க வேண்டும். விடையில்லாத படியை விட்டுவிட வேண்டும்.

முறையை ஏற்படுத்திய பின்னும் இவ்வாராய்ச்சி ஓயலாகாது. கணினியிற் பதிந்த காலக் குறிப்புகளைத் திரட்டி, வேலை உண்மையில் எவ்வழிச் சென்றது என்று கண்டறியும் கலை ஒன்று இக்காலத்தில் வளர்ந்துள்ளது. நெதர்லாந்துப் பேராசிரியர் வில் வான் டெர் ஆல்ஸ்ட் இதில் முன்னோடி. வரைந்த படத்தில் ஒரே நேர்வழி இருக்கும். பதிவைத் திரட்டினாலோ, முன்னும் பின்னுமாகப் பலமுறை திரும்பிய வழிகள் தோன்றும். அத்திருப்பங்களே நாம் ஆராய வேண்டியவை.

எமது கையொப்பம்

இனி எம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லல் வேண்டும். பெருமைக்குரியது அன்று, ஆயினும் மறைத்தல் தகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நூல் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு மேற்பார்வை எம்மிடம் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டா. அங்கே கொள்முதலையும் பணப் பட்டுவாடாவையும் நடத்துதற்கு ஒரு மென்பொருள் ஏற்படுத்தினோம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பில்லையும் மானேஜர் ஒப்பினால்தான் பணம் போகும். விதி நல்ல விதிதான். மானேஜர் தம் மகள் திருமணத்திற்காகப் பத்து நாள் ஊருக்குப் போனார். அவருக்குப் பதிலாள் யார் என்பதை யாம் எழுதி வைக்கவில்லை. நூல் லாரி ஆபீசில் கிடந்தது. தங்கல் கட்டணம் ஏறிற்று. தறிக்காரர்கள் நாள்தோறும் வந்து நின்றனர். மானேஜர் தம் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் குமாஸ்தாத் தம்பியிடம் சொல்லி, "நீயே என் பெயரில் ஒப்பிவிடு" என்றார். காரியம் நடந்தது. பின்பு அவர் ஊரில் இருந்தபோதும் அதுவே வழக்கமாயிற்று. எமக்கும் தெரியும், காரியம் நடக்கிறதென்று வாளாவிருந்தோம்.

ஒரு நாள், ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போயிருந்தது கண்டோம். மானேஜர், "அன்று நான் ஊரில் இல்லை" என்றார். அது மெய். கடவுச்சொல்லை அறிந்த மற்றொருவன் அந்தத் தம்பியே. விற்றவரோடு உள்ளுக்குள் உடன்பாடு என்று பேச்சு எழுந்தது. அவனை வேலையினின்று நீக்கிக் கடிதம் எழுதினார்கள். அக்கடிதத்தில் எமது கையொப்பமும் இருந்தது. போகும்போது அவன் ஒன்றே சொன்னான்: "ஐயா, இயந்திரம் சொன்னதைக் கேட்டீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே."

நிதியாண்டு முடிவில், சரக்கு விற்றவர்களிடம் பாக்கிச் சரிபார்ப்புக் கடிதம் வாங்கியபோது உண்மை வெளிப்பட்டது. விற்றவர் அந்த இரண்டாம் தொகையை நம் பற்றில் வரவு வைத்தே எழுதியிருந்தார். தேடிப் பார்த்தோம். முதன்முறை பணம் அனுப்பியபோது வங்கியிலிருந்து விடை வரத் தாமதமாயிற்று. விடை வராமையால் பணம் போகவில்லை என்று இயந்திரம் தானே முடிவுசெய்து மறுபடியும் அனுப்பிவிட்டது. திருடனும் இல்லை, திருட்டும் இல்லை. ஆள் அனுப்பி அவனை அழைத்தோம். அவன் வரவில்லை. வராமைக்கு அவனைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை.

இந்நிகழ்ச்சியினின்று யாம் கற்ற விதிகள் நான்கு. ஒன்று: ஒப்புதல் தரவேண்டியவர் ஒவ்வொருவருக்கும் பதிலாள் இன்னாரென்று முன்னரே எழுதி வைக்க, பதிலாள் தம் சொந்தப் பெயரிலேயே ஒப்புக. இரண்டு: குறித்த காலத்துள் ஒப்புதல் வாராவிடின் காரியம் மேலுள்ளவரிடம் தானே செல்லுக. மூன்று: பணம் அனுப்பும் ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் ஒன்று கொடுத்து, அவ்வெண்ணில் ஒருமுறை போனது மறுமுறை போகாதபடி செய்க, விடை வாராத கட்டளையை "ஐயத்திற்குரியது" என்று ஒதுக்கி மனிதன் பார்வைக்கு விடுக. நான்கு: கடவுச்சொல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகுமாயின் அது பணியாளின் குற்றம் மட்டும் அன்று, வகுத்த முறை வேலைக்குப் பொருந்தவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வடையாளம் கண்டவுடன் முறையைத் திருத்துக.

பிரிட்டன் கற்பித்த பாடம்

எமது பிழையால் கெட்டவன் ஒருவன். இதே பிழை ஒரு நாட்டின் அளவிற் பெருகினால் எவ்வாறாகும் என்பதற்குப் பிரிட்டன் சான்று. அங்கே ஊர்தோறும் உள்ள கிளை அஞ்சல் நிலையங்களை ஒப்பந்தத்தின்மேல் நடத்துவோர் நம்மைப் போன்ற சிறு வணிகரே. நம் இந்திய நாட்டு வழிவந்தோரும் அவர்களிற் பலர். 1999-ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணினி முறை அவர்கள் கடைகளில் வைக்கப்பட்டது. அதனைச் செய்து நடத்தியது புஜிட்சு நிறுவனம். அம்முறையில் இருந்த பிழைகளால், பெட்டியில் இருக்கும் பணத்திற்கும் கணினி காட்டும் கணக்கிற்கும் வேறுபாடு தோன்றலாயிற்று. ஒப்பந்தத்தைக் காட்டி, "குறைந்த தொகையை நீரே இட்டு நிரப்புக" என்றது அஞ்சல் நிறுவனம். வீட்டை ஈடு வைத்தும், உறவினரிடம் கடன்பட்டும் பலர் நிரப்பினர். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்கட்காகத் தண்டனை பெற்றனர். சிறை சென்றோர் பலர்.

இதில் நாம் கூர்ந்து நோக்கத்தக்கவை மூன்று. முதலாவது, கணக்கு தவறென்று கருதிய போஸ்ட்மாஸ்டர் அதனை அவ்வியந்திரத்திலேயே "ஒப்பவில்லை" என்று பதிதற்கு வழி வைக்கப்படவில்லை. கணக்கை முடித்தால்தான் மறுநாள் கடை திறக்கலாம். முடிக்க வேண்டுமாயின் காட்டிய தொகையை ஏற்க வேண்டும். ஏற்றபின், "நீரே ஒப்பியுள்ளீர்" என்று அவ்வேற்பே அவருக்கு எதிர்ச்சான்றாயிற்று. இரண்டாவது, புஜிட்சுவின் பணியாளர் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கினுட் புகுந்து பதிவு செய்யக்கூடியவராயிருந்தனர். அது முடியாதென்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. மூன்றாவது, உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலர், இவ்வாறு குறை சொல்பவர் நீர் ஒருவரே என்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் கூறியுள்ளனர். தனித்தனியே நின்ற அவர்கள் ஒருவரையொருவர் அறியார். கணினிச் சான்றைக் காட்டுவோரே அது செம்மையாக இயங்கியதென்று மெய்ப்பிக்க வேண்டுமென முன்னிருந்த விதியையும் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீக்கிவிட்டிருந்தது.

ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று 555 பேரை ஒன்றுசேர்த்து வழக்காடினார். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையைத் தள்ளியது. 2024-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்றி எஞ்சியோரிற் பலரின் தண்டனைகளை ஒருங்கே நீக்கிற்று. இருபது ஆண்டுகள்! அதற்குள் இறந்தவர் இறந்தனர்; குடும்பம் சிதைந்தவர் சிதைந்தனர்.

அன்பர்களே! அவ்வியந்திரத்தில் "இத்தொகையில் எனக்குத் தகராறு உண்டு" என்னும் ஒரு பொத்தான் இருந்து, அதை அழுத்தியோர் எத்தனை பேர் என்று மாதந்தோறும் எண்ணி மேலிடத்தில் ஒருவர் பார்த்திருந்தால், முதலாண்டிலேயே குட்டு வெளிப்பட்டிராதா? ஒரு சிறு பொத்தான்! நமது பேரேட்டிலும் ஐயக் கணக்கு என்று ஒன்று வைத்து, ஒத்துவராத தொகையை அதில் நிறுத்தி விசாரிப்பது பழைய கணக்குப்பிள்ளைகள் அறிந்த முறையே அன்றோ?

விதியே பிழையானால்

மென்பொருள் பிழையின்றி இயங்கியும் கேடு விளைதல் உண்டு. ஆஸ்திரேலிய அரசாங்கம் உதவித்தொகை பெற்றவர்களின் வருமானத்தைக் கணினி கொண்டு ஒத்துப் பார்க்கும் முறையொன்றைக் கொண்டுவந்தது. வரி அலுவலகத்தில் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, இரு வாரத்திற்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டது அம்முறை. ஆறு மாதம் வேலையிலும் ஆறு மாதம் வேலையின்றியும் இருந்தவனுக்கு இக்கணக்கு எவ்வாறு பொருந்தும்? வேலையில்லாத காலத்திலும் அவன் சம்பாதித்ததாகக் காட்டி, வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடு என்றது. இல்லையென்று மெய்ப்பிக்கும் சுமையும் அவன் தலையிலேயே விழுந்தது. முன்பு ஒரு பணியாளர் ஒவ்வொரு கணக்கையும் பார்த்து விசாரித்த படியை எடுத்துவிட்டமையால், தவறான கடிதங்கள் இலட்சக்கணக்கிற் சென்றன. சட்டத்திற்கு ஒவ்வாத அம்முறை 2019-இல் கைவிடப்பட்டது. அதனை ஆராய்ந்த ராயல் கமிஷன் 2023 ஜூலையில் அறிக்கை அளித்தது. மனிதன் ஒருவன் நாளொன்றுக்குப் பத்துத் தவறு செய்வான். இயந்திரம் அதே தவறைப் பதினாயிரம் முறை செய்யும். விரைவு, நல்லதற்கும் தீயதற்கும் பொதுவானது.

நடத்தும் முறை

இனி, இத்தகைய முறையை வைத்து நடத்துவார்க்குச் சில சொல்லி அமைவோம்.

ஒரே நாளில் எல்லாக் கிளைகளிலும் புகுத்தாதீர்கள். ஒரு கடையில் தொடங்குங்கள். பழைய ஏட்டையும் புதிய கணினியையும் ஒரு கணக்கு முடிவு காலம் வரையில் இணையாக நடத்தி ஒத்துப் பாருங்கள். வேறுபட்ட இடந்தோறும் எது சரி என்று விசாரியுங்கள். கணினியே சரியென்று முன்னரே முடிவு கட்டாதீர்கள்.

விதியை மாற்றும்போது, பாதிவழியில் இருக்கும் காரியங்கள் எந்த விதிப்படி முடிய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். நேற்று மூன்று ஒப்புதல் கேட்டு இரண்டு வாங்கிவிட்டவனை இன்று ஐந்து வாங்கு என்றால், அவன் எங்கே போவான்? தொடங்கிய விதிப்படியே முடித்தல் பொதுவாக நேர்மை. மாற்றிய விதியை முதலில் சென்ற ஆண்டுக் காரியங்களின் மேல் ஓட்டிப் பார்த்து, முடிவு எங்கெங்கு வேறுபடுகிறது என்று கண்டபின்னரே நடைமுறைக்குக் கொண்டுவருதல் நலம்.

பதிவை அழிக்கலாகாது. நம் முன்னோர் பேரேட்டிற் பிழை நேர்ந்தால் சுரண்டமாட்டார். எதிர்ப்பதிவு எழுதி நேர்செய்வர். பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தினவர் கையெழுத்தும் தெரியும். இதனையே நம் நாட்டுச் சட்டமும் இன்று கேட்கிறது. பதிவுபெற்ற கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு காட்டும் பதிவு இருத்தல் வேண்டும், அதனை நிறுத்திவைக்க இடமிருத்தலாகாது என்னும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பதிவின் படி ஒன்றை வேறிடத்தில் வைத்திருக்கிறோம் என்று அமைதியுறாதீர்கள். ஆண்டுக்கு ஓரிருமுறையேனும் அப்படியிலிருந்து முறை முழுவதையும் திரும்ப எழுப்பிப் பாருங்கள். திரும்ப எழுப்பிப் பாராத படி, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொன்னென்று கேள்விப்பட்டது போன்றதே.

மென்பொருள் செய்து தந்தவரிடமே பொறுப்பு முழுவதையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் உங்கள் இடத்தில் ஒருவர் உடையவராக இருத்தல் வேண்டும். விதி ஏன் இவ்வாறு இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்ல வல்லவர் அவரே. பணியாளரை அளக்கும்போது, எத்தனை காகிதம் தள்ளினார் என்று எண்ணாதீர்கள். தள்ளியவற்றுள் எத்தனை திரும்பி வந்தன, மனுச்செய்தவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்று எண்ணுங்கள். முன்னதை எண்ணினால் படியாமல் ஒப்புவார்கள்.

நமது சங்கத்திற்கு வேண்டுவது

இறுதியாக நமது கல்வி உதவி நிதிக்கு வருவோம். மனுக்களைக் கணினி வழியே ஏற்பதை யாம் முழு மனத்தோடு ஆதரிக்கின்றோம். இப்பொழுது மனு எங்கே இருக்கிறதென்று அறியப் பையன்கள் கமிட்டி உறுப்பினர் வீடுகளுக்கு நடக்கின்றனர். தெரிந்தவர் உள்ளவன் மனு முன்னே போகிறது. இல்லாதவன் மனு அடியில் கிடக்கிறது. வரிசையைக் காட்டும் இயந்திரம் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் மூன்று நிபந்தனைகளைக் கமிட்டியார் முன் வைக்கின்றோம்.

மனு தள்ளப்பட்டால், இன்ன காரணத்தால் தள்ளப்பட்டது என்று பையனுக்கும் அவன் தாய் தந்தையர்க்கும் விளங்கும் தமிழில் எழுதப்பட வேண்டும். அந்த எழுத்தின் கீழ், தள்ளியவர் பெயர் இருக்க வேண்டும். "கணினியின் முடிவு" என்று ஒருகாலும் எழுதலாகாது. அதன் கீழே, "இம்முடிவுக்கு நான் உடன்படவில்லை" என்று சொல்லும் வழியிருந்து, அவ்வாறு சொன்னவனை முதலிற் பார்த்தவரல்லாத வேறொருவர் முப்பது நாளுக்குள் நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். தகப்பன் இறந்து வருமானச் சான்று இல்லாதவன், ஊர் மாறி வந்தவன், காகிதம் வெள்ளத்திற் போனவன் என்று எந்தக் கட்டத்திலும் அடங்காத பிள்ளைகள் ஆண்டுதோறும் வருவர். நிதி ஏற்பட்டதே பெரும்பாலும் அவர்களுக்காக. குடும்பத்தின் வறுமையை எழுதிய விவரத்தை முடிவு செய்வோர் தவிர ஏனையோர் பாராதபடி காத்தலும் இதனோடு சேர்ந்த கடமையாம்.

இளைஞர்களே! நீங்கள் இத்தகைய மென்பொருளை எழுதுகின்றவர்கள். உங்களுக்குக் கொடுக்கப்படும் விவரக் குறிப்பில் உடன்படாதவனுக்குரிய வழி பெரும்பாலும் இராது. கேட்டால், காலம் இல்லை என்பார்கள். அப்பொழுது எழுந்து, "இவ்வழி எங்கே?" என்று ஒருமுறை கேளுங்கள். முதலாளிமார்களே! அவ்வாறு கேட்கும் இளைஞனைச் சினவாதீர்கள். உங்களை வழக்கினின்றும் பழியினின்றும் காப்பவன் அவனே.

எம்மிடம் ஒருவன் அன்று, "என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்று சொல்லிப் போனான். அச்சொல்லுக்கு யாம் அளிக்கக்கூடிய விடை காலங்கடந்து போயிற்று. நமது சங்கத்தின் வாயிலில் நிற்கும் எந்தப் பிள்ளையும் அதே சொல்லைச் சொல்லித் திரும்பாதிருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். இதனைக் கமிட்டியார் தீர்மானமாக ஏற்றருள வேண்டுமென்று பணிந்து கேட்கின்றோம்.